அரியலூர்ப் பாறைகளைப் படிப்பது எப்படி?

அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள் ஏன் என்று கேட்டால், அங்கே சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சரி, அந்தச் சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்தது? அதில் பெரும்பங்கு கடல் உயிர்களின் ஓடுகள்தான். சிப்பி, பவளம், கடல் முள்ளெலி, சுண்ணாம்புப் பாசி என்று கடலடியில் வாழ்ந்து மடிந்தவை படிந்து, அழுந்தி, இறுகிக் கல்லானவை. இன்றைய கடற்கரையை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி, பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற நிலத்துக்கு அடியில் ஒரு பழைய கடலின் தரை கிடக்கிறது.

உலகம் முழுவதிலும் உள்ள தொல்லுயிர் ஆய்வாளர்களுக்குத் தெரிந்த இடம் இது. டைனோசர் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியை, சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, பெரும்பாலும் தொடர்ச்சியாகப் பதிவு செய்து வைத்திருக்கும் பாறைகள் இவை. திருச்சி, பெரம்பலூர், அரியலூர் என்ற மூன்று மாவட்டங்களுக்குள் இது அடங்கிவிடுகிறது என்பதை நம்மில் பலர் அறியாமலே இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு பாடமாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் அடிப்படையிலிருந்து தொடங்குவோம். புதைபடிவங்களைப் பற்றி எதைப் படித்தாலும் 'ஃபார்மேஷன்' என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். தமிழில் பாறை அமைவு என்கிறார்கள். காரை அமைவு, கல்லங்குறிச்சி அமைவு, கல்லமேடு அமைவு என்று பெயர்கள் வரும். அமைவு என்றால் ஒரே மாதிரியான சூழலில் படிந்த, பார்த்தால் அடையாளம் தெரிகிற, வரைபடத்தில் எல்லை போட்டுக் காட்டக்கூடிய ஒரு பாறை அடுக்கு. எந்த ஊரில் அது நன்றாகத் தெரிகிறதோ அந்த ஊரின் பெயரையே வைப்பது வழக்கம். இப்படிப் பல அமைவுகள் சேர்ந்தால் ஒரு தொகுதி. நம் பகுதியில் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகள். அவற்றுக்கும் மேலே நின்னியூர் என்று இன்னொன்று.

இதில் புதிதாகப் படிக்கிறவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அமைவு என்பது காலத்தின் பெயரல்ல, பாறையின் பெயர். களிமண்ணா, மணற்கல்லா, சுண்ணாம்புக்கல்லா என்பதை வைத்து எல்லை போடுகிறார்கள். அது எந்தக் காலத்தது என்பதை, பெரும்பாலும் உள்ளே கிடக்கிற உயிரினங்கள்தான் சொல்கின்றன. கல் சூழலைச் சொல்கிறது, உயிர் காலத்தைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் கதை புரியும். அதனால்தான், எந்த அடுக்கில் கிடந்தது என்று குறிக்காமல் எடுத்து வந்த புதைபடிவம், எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆய்வுக்குப் பாதிப் பயன்கூடத் தராது.

கடல் எப்படி உள்ளே வந்தது? இந்தியா அப்போது கோண்டுவானா என்ற பெரிய தென்கண்டத்தின் ஒரு துண்டு. அன்டார்க்டிகாவும் ஆஸ்திரேலியாவும் நம் கிழக்குக் கரையை ஒட்டி இருந்தன. அந்தக் கண்டம் பிளந்தபோது நம் கரையோரத்தில் நிலம் இழுபட்டு, விரிசல் விட்டு, நீளமான பள்ளங்கள் உண்டாயின. அந்தப் பள்ளங்களில் ஒன்றுதான் காவிரிப் படுகை. பள்ளத்தில் முதலில் ஆறுகள் மண்ணைக் கொட்டின. அப்புறம் கடல் புகுந்தது. மேற்கே கெட்டியான, மிகப் பழைய பாறை நிலம் கரையாக நின்றது. கிழக்கே ஆழம்.

அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சரிந்திருப்பது நமக்குப் பெரிய வசதி. மேற்கே ஊட்டத்தூரில் கிளம்பிக் கிழக்கே அரியலூர், செந்துறை என்று போனால், மிகப் பழைய அடுக்கிலிருந்து புதிய அடுக்குக்குப் போகிறீர்கள். வண்டியில் ஒரே காலைப் பொழுதில் நான்கு கோடி ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிடலாம். மலையேற வேண்டாம், ஆழ்துளை போட வேண்டாம்.

மேற்குப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது காரை. காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையில் மண் சிவப்பும் பழுப்புமாக, ஓடை ஓடையாக அரித்துக் கிடக்கும். மழை பெய்யப் பெய்யக் களிமண் கரைந்து, கூரான முகடுகளும் இடுக்கான பள்ளங்களும் உண்டாகியிருக்கின்றன. மரம் செடி குறைவு. தரையில் ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னும். இந்தப் பகுதி தேசிய புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்று.

காரைக் களிமண், கரையை விட்டுத் தள்ளி, அலையின் கலக்கம் அதிகம் எட்டாத ஆழத்தில் படிந்தது. மெல்லிய துகள்கள்தான் அங்கே போய்ச் சேரும், அதனால்தான் களிமண். குனிந்து பார்த்தால் தரையில் விரல் நீளத்துக்கு, துப்பாக்கி ரவை போல ஒரு முனை கூரான, தேன் நிறமோ பழுப்போ ஆன கல் துண்டுகள் கிடக்கும். இவை பெலம்னைட். இன்றைய கணவாய் மீனின் தூரத்து உறவான ஒரு பிராணியின் உடம்புக்குள் பின்பக்கம் இருந்த கெட்டியான பகுதி அது. உடைந்த துண்டு கிடைத்தால் குறுக்குவெட்டைப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரை மெல்லிய கோடுகள் கதிர்கதிராகப் பிரியும். சுற்றிலும் வட்ட வட்டமாக வளர்ச்சி வளையங்களும் தெரியும். கைகளும் கண்ணும் சதையும் எல்லாம் அழிந்துபோய், கால்சைட் என்ற கனிமத்தால் ஆன இந்தக் கூர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அதே களிமண்ணில் கிடைக்கிற இன்னொன்று அம்மோனைட். சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான பிராணி. வைணவர் வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமம் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது. அதன் உள்ளே தெரிகிற சக்கரம் பல சமயம் அம்மோனைட்தான். அது காரையில் கிடைப்பதைவிடப் பழைய, ஜுராசிக் காலத்தது. அம்மோனைட்டின் ஓடு உள்ளே அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பிராணி கடைசி அறையில் மட்டும் வசிக்கும். மற்ற அறைகளில் வாயுவும் கொஞ்சம் நீரும் இருக்கும். அதை வைத்து மிதப்பைச் சரிசெய்துகொள்ளும். வளர வளர முன்னே நகர்ந்து பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும்.

அந்தச் சுவர் ஓட்டோடு சேரும் விளிம்பு நேர்கோடாக இருக்காது. நெளிந்து, மடங்கி, மடிப்புக்குள் மடிப்பாக இருக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் அந்த நெளிவு வேறு. ஆய்வாளர்கள் இனம் பிரிக்க உதவும் முக்கியமான அடையாளம் அது. அம்மோனைட்டின் ஓடு அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது. அது காலப்போக்கில் எளிதில் கரையும். பல இடங்களில் ஓடு போய்விட்டது, ஓட்டுக்குள் புகுந்து இறுகிய சேறு மட்டும் உள்வார்ப்பாக நிற்கிறது. அந்த நெளிவுக் கோடுகள் நம் கண்ணுக்குத் தெரிவதே ஓடு போனதால்தான். பெலம்னைட்டும் கிளிஞ்சல் வகைகளில் சிலவும் கால்சைட்டால் ஆனவை, அவை லேசில் கரைவதில்லை. எந்தப் பிராணி எந்தக் கனிமத்தில் ஓடு கட்டியது என்பதைப் பொறுத்தே எது மிஞ்சும், எது அழியும் என்பது தீர்மானமாகிறது. பாறையில் இல்லாத உயிர் கடலிலும் இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இது நல்ல காரணம்.

அம்மோனைட்டுகளுக்கு இன்னொரு பெரிய பயன் உண்டு. அவை வேகமாக இனம் மாறின. ஓர் இனம் தோன்றி மறைய எடுத்துக்கொண்ட காலம், பாறைகளின் கணக்கில் மிகக் குறைவு. அதே சமயம் கடலில் பரவலாக நீந்தித் திரிந்தன. ஆகவே காரையில் கிடைத்த ஓர் இனம் மடகாஸ்கரிலோ ஐரோப்பாவிலோ கிடைத்தால், இரண்டு பாறைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்று சொல்லிவிடலாம். 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பகுதிகளில் சேகரித்த ஓடுகளை லண்டனுக்கு எடுத்துச் சென்றார்கள். அவற்றை ஆராய்ந்து 1846-ல் விவரித்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். ஐரோப்பாவின் கிரெட்டேசியஸ் உயிர்களோடு ஒப்பிட்டுத்தான் தென்னிந்தியப் பாறைகளின் வயது முதன்முதலில் பிடிபட்டது. ஃபோர்ப்ஸ் பெயரிட்டவற்றில் சுருளாமல் நீட்டமாக வளர்ந்த அம்மோனைட்டும் ஒன்று. சுருள்தான் அம்மோனைட் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அதை எளிதில் தவறவிடுவார்கள்.

அவருக்குப் பிறகு வந்த இருவரைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியை நடந்து அளந்து வரைபடம் போட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற பிரிவு அவருடையது, இன்றும் அடிப்படையாக நிற்கிறது. பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் இவர்தான். இன்னொருவர், மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றி அவர் எழுதிய தடித்த தொகுதிகளை இன்றைய ஆய்வாளர்களும் புரட்டாமல் இருக்க முடியாது. மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1874-ல், 36 வயதில், லடாக்கில் இறந்துபோனார்.

காரைக் கடலில் பெரிய பிராணிகளும் இருந்தன. சுறாப் பற்கள் கிடைத்திருக்கின்றன. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, அது மக்கிப்போகும், பல் மட்டும் நிற்கும். மீன் வடிவில் இருந்த இக்தியோசர் என்ற கடல் ஊர்வனவின் முதுகெலும்புகளைக் கொண்டு, 1879-ல் ரிச்சர்ட் லைடெக்கர் ஓர் இனத்தை விவரித்தார். பிறகு பற்களும் கிடைத்தன. இக்தியோசர்கள் டைனோசர்களோடு சேர்ந்து அழியவில்லை. அதற்கு இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன. காரையில் கிடைப்பவை அந்தக் குலத்தின் கடைசிக் காலத்தவை.

அதே ஊட்டத்தூர்த் தொகுதியில் கல்லக்குடி பக்கம் போனால் கதை வேறு. அங்கே இருப்பது பவளமும் சுண்ணாம்புப் பாசியும் சேர்ந்து வளர்ந்த சுண்ணாம்புக்கல், டால்மியாபுரம் அமைவு. பவளப் பாறைகளைக் கட்டும் பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், சேறில்லாத தெளிந்த நீர் வேண்டும். ஆக, அங்கே கடல் ஆழமற்றதாக, சூடாக, தெளிவாக இருந்தது என்று கல்லைப் பார்த்தே சொல்லலாம். சிமென்ட் ஆலை அங்கே வந்ததற்கும் அந்தப் பவளத்திட்டுதான் காரணம்.

திருச்சிராப்பள்ளித் தொகுதிக்கு வந்தால் கடல் ஆழம் குறைந்து, கரை நெருங்கி வந்துவிட்டது. மணற்கல் அதிகம். கருடமங்கலம் பக்கத்தில் கிடைக்கும் ஓட்டுச் சுண்ணாம்புக்கல்லை மெருகேற்றினால் சாம்பல் பின்னணியில் நூற்றுக்கணக்கான சிப்பி, சங்குகளின் வெட்டுமுகங்கள் தெரியும். திருச்சிப் பளிங்கு என்று அதற்குப் பெயர் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அடிமரத்தை 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தார். மரத்தின் திசுக்களுக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, உயிரணு உயிரணுவாகக் கல்லாக்கிவிட்டது. பலர் அங்கே போய் மரத்தைப் பார்த்துவிட்டு, இங்கே காடு இருந்தது போலும் என்று திரும்புகிறார்கள். மரம் கிடப்பது கடலில் படிந்த பாறையில். எங்கோ மேற்கே நின்ற மரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்திருக்கிறது. எந்த அடுக்கில் கிடக்கிறது என்று பார்க்காவிட்டால் கதையையே தலைகீழாகச் சொல்லிவிடுவோம்.

அரியலூர்த் தொகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது கல்லங்குறிச்சி அமைவு. சுரங்கச் சுவரில் ஒரு பட்டையைப் பார்த்தால் பாறை எது, சிப்பி எது என்று பிரிக்க முடியாது. எல்லாமே கிரைஃபியா என்ற கடல் சிப்பி. ஒரு பக்க ஓடு உள்ளங்கையில் அடங்காத அளவுக்குத் தடித்து, வளைந்து, குழிந்திருக்கும். மறுபக்க ஓடு தட்டையான மூடி. சேற்றுத் தரையில் புதைந்துபோகாமல் கிடக்க அந்தக் கனமும் வளைவும் உதவின. ஓட்டின் மேல் வரிவரியாக வளர்ச்சிக் கோடுகள். சில ஓடுகளில் சின்னச் சின்னத் துளைகள், செத்த பிறகோ உயிரோடு இருக்கும்போதோ வேறு பிராணிகள் துளைத்தவை. சிப்பிகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றன் மேல் ஒன்று வளர்ந்து திட்டாக எழுந்திருக்கின்றன. இடையிடையே கடல் முள்ளெலிகள், மேல் ஓட்டில் ஐந்து இதழ்களாகப் பிரிந்த கோலத்தோடு. நாம் வீடு கட்டுகிற சிமென்ட் மூட்டையில் இந்தச் சிப்பிகள் இருக்கின்றன என்பது மிகைப்படுத்தல் இல்லை.

இனி டைனோசர். கடல் மெல்லப் பின்வாங்கி, கல்லமேடு பக்கத்தில் ஆறுகள் மணலைப் பரப்பின. அந்த மணற்கல்தான் கல்லமேடு அமைவு, கிரெட்டேசியஸின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. இந்த வட்டாரத்து டைனோசர் எலும்புகளைப் பற்றி சார்லஸ் மாட்லி 1929-லேயே எழுதியிருக்கிறார். 1987-ல் யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை விவரித்து, மாட்லியின் நினைவாக ப்ருஹத்காயோசரஸ் மாட்லேயி என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர். அர்ஜென்டினாவில் கிடைத்த புகழ்பெற்ற ராட்சத டைனோசரின் அதே எலும்பு ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. முதலில் இதை ஊனுண்ணி வகையில் சேர்த்தார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள இலையுண்ணி வகைதான் என்று கருத்து மாறியது.

இன்று அந்த எலும்புகள் இல்லை. நொறுங்கும் தன்மையோடு இருந்தவை மழையிலும் ஈரத்திலும் சிதைந்துபோயின. 2017-ல் வெளியான கட்டுரை இதை உறுதிப்படுத்தியது. முதல் கட்டுரையில் இருந்தவை கோட்டோவியங்கள் மட்டுமே என்பதால், அது எலும்பே அல்ல, கல்லான மரமாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். களத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் 2022-ல் வெளியான பிறகு, பெரிய டைனோசரின் எலும்பு என்ற கருத்து வலுப்பெற்றது. உலகத்திலேயே பெரிய நில விலங்குகளில் ஒன்று என்று சொல்லக்கூடியதை நாம் கையில் வைத்திருந்து இழந்திருக்கிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. பிளாஸ்டர் கட்டு, பசை, நிழல், உடனடிப் போக்குவரத்து என்று களத்தில் ஓர் எலும்புக்குத் தேவைப்படுவது பெரிய செலவில்லை, ஆனால் அந்த நேரத்தில் அது இருந்தாக வேண்டும்.

கல்லமேட்டிலிருந்து வந்த இன்னொரு கண்டுபிடிப்பு அளவில் நேர்மாறானது. ஒரே ஒரு சின்னப் பல். பறவைகளுக்கு நெருங்கிய உறவான ட்ரூடான்டிட் என்ற சிறிய டைனோசர் குடும்பத்தின் பல் அது என்று 2013-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதுவரை அந்தக் குடும்பம் வட கண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்தது. அதே இடத்தில் மடகாஸ்கரின் சிமோசூகஸ் என்ற முதலையினத்தை ஒத்த பல்லும் கிடைத்தது. மடகாஸ்கரிலிருந்து இந்தியா பிரிந்து ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் ஆன பிறகும் இரு நிலங்களிலும் உறவினர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், ராட்சத எலும்பைவிட இந்தப் பற்கள் சொல்லும் செய்தி பெரியது. மணலைச் சலித்து, நுண்ணோக்கியில் பார்த்து, பொறுமையாகத் தேடியவர்களுக்குக் கிடைத்தவை அவை.

டைனோசர் என்றதும் முட்டை நினைவுக்கு வரும். 2020-ல் குன்னம் பக்கம் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. அவை கனிம உருண்டைகள். கடலடிச் சேற்றில் ஓர் அம்மோனைட்டோ வேறு உயிரோ புதைந்து மக்கும்போது சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறி, அதைச் சுற்றிக் கனிமம் படிந்து உருண்டையாகும். உடைத்தால் நடுவே ஓடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முட்டையாக இருந்தால் மெல்லிய ஓடும் அதில் நுண்துளைகளும் இருந்தாக வேண்டும். அதோடு, அந்த உருண்டைகள் கிடந்தது கடல் படிவில். டைனோசர் கடலடியில் முட்டையிடாது. இங்கேயும் அடுக்கைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

கல்லமேட்டுக்கு மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். கடல் திரும்ப வந்துவிட்டது, ஆனால் உலகம் மாறிவிட்டது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்கல் மோதியது. மேற்கே தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கிக்கொண்டிருந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். நின்னியூர்ப் பாறையில் அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. அதே மாதிரி அறை அறையாக ஓடு கட்டும் நாட்டிலஸ் வகை மட்டும் கிடைக்கிறது. அது பிழைத்துக்கொண்டது, அதன் உறவினர்கள் இன்றும் கடலில் வாழ்கிறார்கள். அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேற்பரப்பில் மிதந்து வளர்ந்தவை என்றும், நாட்டிலஸின் முட்டை பெரியது, குஞ்சு ஆழத்தில் வளரக்கூடியது என்றும் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். மேல்மட்டக் கடல் பாழானபோது ஒன்று மாண்டு ஒன்று மீண்டதற்கு அது பொருத்தமான காரணமாகவே தெரிகிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுரங்கங்களுக்குள் அனுமதியில்லாமல் நுழைய முடியாது, நுழையவும் வேண்டாம், சுவர்கள் சரியக்கூடியவை. அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே போய் எது எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் காரைக்குப் போங்கள், வெயில் ஏறுவதற்கு முன், மழை விட்டுச் சில நாள் கழித்து. ஏதாவது கண்ணில் பட்டால் எடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ வைத்துப் படம் எடுங்கள். கைபேசியில் இடத்தைப் பதிந்துகொள்ளுங்கள். களிமண்ணா மணலா, சரிவின் மேல்பக்கமா அடிப்பக்கமா என்று ஒரு வரி எழுதுங்கள். பெரிதாகவோ எலும்பு போலவோ தெரிந்தால் தொடாமல் விட்டுவிட்டு, அருங்காட்சியகத்துக்கோ பக்கத்துக் கல்லூரியின் புவியியல் துறைக்கோ அந்தப் படத்தை அனுப்புங்கள்.